வெந்நீர் குண்டமா, குகைப் படிக்கட்டா? மும்பையிலிருந்து ஒரு நாளில் போய்வர எது நல்லது?

டிசம்பர் பிறந்துவிட்டால் மும்பையின் செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது. அம்மாவுக்கு மூட்டு வலி. வெந்நீர் ஊற்றில் குளித்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகன் ஆறாம் வகுப்பில் அசோகரைப் படித்துக்கொண்டிருக்கிறான். குகை பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறான். கையில் இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெந்நீர் ஊற்றும் பழங்காலச் சிதைவும் சேர்ந்த மூன்று பாதைகளில் எது: வஜ்ரேஸ்வரியா, பாலியா, மகாடா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரை வைத்து முடிவெடுக்காதீர்கள். கொங்கணத்து வெந்நீர் ஊற்றுகள் எல்லாம் ஒரே குடும்பம். பால்கர் மாவட்டத்துக் கோக்னேரே தொடங்கி ரத்னகிரி மாவட்டத்து ராஜாபூர் வரை, கடற்கரைக்கும் சஹ்யாத்ரி மலைக்கும் நடுவே, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வரிசையாக வருகின்றன. எரிமலைச் சூடு என்று சிலர் கதை விடுவார்கள். அந்தப் பாறை எரிமலைக் குழம்பாக வழிந்து ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் சூடு எப்போதோ ஆறிப்போயிற்று. மழைநீர் பாறைப் பிளவுகளில் ஆழமாக இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் காய்ந்து, வேறொரு பிளவு வழியாக மேலே வருகிறது. சூடு இடத்துக்கு இடம் மாறும், ஆனால் தண்ணீர் வரும் விதம் ஒன்றுதான். முடிவெடுக்க உதவும் வித்தியாசமெல்லாம் பக்கத்தில் இருக்கும் பழங்கற்களிலும், ஏற வேண்டிய படிகளிலும், துணி மாற்றும் இடத்திலும் இருக்கிறது.

மூட்டு வலி போய்விடுமா என்றால், போகாது. விறைப்பு சில மணி நேரத்துக்குத் தளரும், அன்றிரவு நன்றாகத் தூக்கம் வரும். அதற்கு மேல் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது?

வருகிறவர்களில் யாருடைய கால் பலவீனமோ, அவருடைய கால்தான் முதல் அளவுகோல். அடுத்தது குண்டத்துக்கும் (ஊற்று நீர் தேங்கும் தொட்டிக்கும்) சிதைவுகளுக்கும் இடையே உள்ள தூரம். 'அருகில்' என்று வழிகாட்டிகள் எழுதுவது சில இடங்களில் பத்து நிமிடம், சில இடங்களில் ஒன்றரை மணி நேரம். மூன்றாவது, பெண்கள் கூச்சமில்லாமல் குளிக்க மறைவு இருக்கிறதா என்பது. இதை ஆண்கள் கேட்பதே இல்லை. போய் இறங்கிய பிறகு வீட்டுப் பெண்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நான்காவது வண்டிச் செலவு. ஐந்தாவது பருவம்: இந்த ஊற்றுகளில் பல ஆற்றங்கரையில் இருப்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆறு பெருகினால் குண்டமே தண்ணீருக்கடியில் போய்விடலாம். ஏப்ரல், மே மாதங்களில் அந்த வெயிலில் வெந்நீர் யாருக்கு வேண்டும்? எனவே நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் காலம்.

## வஜ்ரேஸ்வரி, அக்லோலி, கணேஷ்புரி, கற்களுக்கு நாலாசோபாரா

நகரத்திலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். தான்சா ஆற்றங்கரை. இதே ஆற்றில் மேலே 1892இல் முடிந்த அணையிலிருந்துதான் மும்பைக்குக் குடிநீர் வருகிறது. வீட்டுக் குழாயில் வரும் தண்ணீருக்குச் சொந்தக்காரத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வஜ்ரேஸ்வரி கோயில் மராட்டியத் தளபதி சிமாஜி அப்பாவின் நேர்த்திக்கடன். போர்த்துகீசியரிடமிருந்து வசாய் கோட்டையைப் பிடித்தால் அம்மனுக்குக் கோயில் கட்டுவதாக வேண்டிக்கொண்டார்; 1739இல் கோட்டை விழுந்தது, கோயில் எழுந்தது. அதனால்தான் கோயிலுக்கே கோட்டை முகம். ஏறுவதற்கு 52 கற்படிகள். நடுவில் ஒரு படியில் பொன்னிற ஆமை. மூட்டு வலிக்காரர்கள் அந்த ஆமைக்கு ஒரு கும்பிடு போட்டு மூச்சு வாங்கிக்கொள்வது வழக்கம். அம்மன் வதைத்த அசுரர்களின் ரத்தம்தான் ஊற்றுகளைச் சூடாக்குகிறது என்பது ஊர்க்கதை.

குளிப்பதற்குக் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள அக்லோலிதான் சரியான இடம். சூரியகுண்டம், அக்னிகுண்டம் என்று ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றிலும் ஒரு சூடு. விடியற்காலை ஆறரை மணிக்குப் போனால் ஆவி மிதக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். பத்து மணிக்குப் போனால் சோப்பு நுரையும் பிளாஸ்டிக் உறையும்தான். போன முறை என் அம்மா முதல் படியில் கால் வைத்ததும் 'ஐயோ' என்று இழுத்துக்கொண்டார். பக்கத்தில் ஒன்பது கஜ நவ்வாரிப் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி 'ஹளூ, ஹளூ' (மெதுவாக, மெதுவாக) என்று அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து முதலில் அதைத் தண்ணீரில் வைத்தார். பிறகு முழங்கை, பிறகு பாதம். கால் மணி நேரத்தில் இருவரும் ஆளுக்கொரு மொழியில் மருமகள் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மாவின் வெள்ளி மெட்டி கறுத்திருந்தது. கந்தகத்தின் வேலை. திருநீறு போட்டுத் தேய்த்ததும் பளபளப்பு திரும்பிவிட்டது. ஆனாலும் கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் முன்கூட்டியே கழற்றிவிடுவது நல்லது.

கணேஷ்புரியின் குண்டங்கள் பீமேஸ்வரர் கோயிலை ஒட்டி இருக்கின்றன. கேரளத்தில் பிறந்த பகவான் நித்யானந்தர் 1961இல் சமாதியடைந்த ஊர் இது. ஊர் முழுக்கத் தென்னாட்டு வாடை அடிப்பதால் அம்மாக்களுக்கு உடனே பிடித்துப்போகும். இங்கே குளிப்பது வழிபாட்டின் பகுதி. நீச்சலுடையும் கூச்சலும் எடுபடாது. குரு பூர்ணிமா நாளில் பக்கத்தில்கூடப் போகாதீர்கள்.

பழங்கற்கள்தான் இந்தப் பாதையின் பலவீனம். ஊற்றின் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஷிர்சாட் வழியாக மேற்கே திரும்பி வந்து நாலாசோபாராவில் இறங்க வேண்டும். ஒரு காலத்தில் சூர்ப்பாரகம் என்ற பெரிய துறைமுகம். லங்கைக்குப் போகும் வழியில் விஜயன் முதலில் கரையிறங்கியது இங்கே என்று மகாவம்சம் சொல்கிறது. இப்போது அடுக்குமாடிகளுக்கு நடுவே வேலி போட்ட ஒரு மேடு, பழைய பௌத்த ஸ்தூபியின் மிச்சம். பார்த்ததும் 'இவ்வளவுதானா?' என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் கதை தெரிந்த பையனுக்கு அந்த மேடு வேறு. 1882இல் தொல்லியல் அறிஞர் பகவான்லால் இந்திராஜி அதைத் தோண்டி, உள்ளே கற்பேழையும் வெண்கலப் புத்தர் உருவங்களும் பொற்பூக்களும் கண்டெடுத்தார். அதே ஆண்டு அசோகரின் எட்டாம் பாறைக் கல்வெட்டின் ஒரு துண்டும் இந்த ஊரில் கிடைத்தது. ஒன்பதாவதின் துண்டு 1956இல் பக்கத்துப் புயிகாவ் ஊரில் கிடைத்தது. சோழ பாண்டியரைக் குறிப்பிடுபவை இரண்டாவதும் பதின்மூன்றாவதும். அவை இங்கே கிடைக்கவில்லை என்பதில் எனக்குச் சின்ன வருத்தம். எட்டாவது சொல்வதும் லேசுப்பட்டதல்ல. முன்பிருந்த அரசர்கள் வேட்டைக்கும் கேளிக்கைக்கும் உலாப் போனார்கள், நான் போதி மரத்துக்குப் போய்வந்த பிறகு தரும யாத்திரை போகிறேன் என்கிறார் அசோகர். உல்லாசப் பயணமா, யாத்திரையா என்று வண்டியில் அம்மாவும் மகனும் போட்ட சண்டைக்கு 2,200 ஆண்டுகளுக்கு முந்தைய தீர்ப்பு.

நாலாசோபாரா ஏமாற்றுமோ என்று பயந்தால் வசாய் கோட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழமை குறைவு, பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துகீசியக் கட்டடங்கள்தான். ஆனால் கூரையில்லாத தேவாலயங்களும் மதிலைப் பிளந்து நிற்கும் மரவேர்களும் குழந்தைகளை மணிக்கணக்கில் கட்டிப்போடும். தரை சமதளம்.

மறைச்செலவு இரண்டு. வெளியூர் வாடகைக் கார்கள் பெரும்பாலும் நாளொன்றுக்கு 250 அல்லது 300 கிலோமீட்டர் குறைந்தபட்சக் கணக்கு வைக்கின்றன. நீங்கள் ஓடுவது இருநூறுக்குள். மீதியைக் காற்றுக்குக் கொடுக்கிறீர்கள். இரண்டாவது, தனிக்குளியல் அறையோடு நாள் வாடகைக்கு விடும் விடுதிகள். பெண்களுக்கு அது வசதிதான். ஆனால் பணம் கட்டும் முன் 'குழாயில் வருவது ஊற்று நீரா, கீசர் நீரா?' என்று கேட்டு, கையில் பிடித்து முகர்ந்து பாருங்கள். வாடையே இல்லையென்றால் உங்கள் வீட்டுக் குளியலறையே போதும். இந்தப் பாடத்துக்கு நான் ஒருமுறை காசு கொடுத்திருக்கிறேன்.

## பாலி, உன்ஹேரே, கற்களுக்குத் தாணாளே

இங்கே கொஞ்சம் பெயர்க்குழப்பம் உண்டு, முதலில் அதைத் தீர்த்துவிடுவோம். மராட்டியில் 'ஊன்' என்றால் வெயில், வெப்பம். அதனால் வெந்நீர் ஊர்களின் பெயர்கள் எல்லாம் ஒன்றுபோல் ஒலிக்கும். பாலிக்குப் பக்கத்தில் உன்ஹேரே. டாபோலிக்குப் பக்கத்தில் உன்ஹவரே. பாலியிலும் பல பாலி. மகாடில் இரண்டு: கோபோலிக்குப் பக்கத்தில் வரதவிநாயகர் இருக்கும் மஹட் ஒன்று, தெற்கே சாவித்திரி ஆற்றங்கரையில் இருக்கும் மகாட் இன்னொன்று. ஒருமுறை நான் இரண்டாவதைச் சொல்ல, ஓட்டுநர் முதலாவதில் கொண்டுபோய் நிறுத்தினார். தரிசனம் நன்றாக ஆயிற்று, குகை போயிற்று. மாவட்டம், தாலுகா பெயரோடு சொல்லி வண்டி பேசுங்கள்.

பாலி பல்லாளேஸ்வரர் அஷ்டவிநாயகர்களில், அதாவது மகாராஷ்டிரத்தின் புகழ்பெற்ற எட்டுப் பிள்ளையார்களில், ஒருவர். முன்பு மரத்தால் ஆன கோயிலை 1760இல், பிற்பாடு பேஷ்வாக்களின் அமைச்சரான நானா பட்னவிஸ் கல்லில் எழுப்பினார். அங்கிருந்து சில கிலோமீட்டரில் உன்ஹேரே குண்டம். சிறிய இடம், வஜ்ரேஸ்வரிக் கூட்டத்தில் பாதிகூட இருக்காது. பிள்ளையாரைப் பார்த்தோம், குளித்தோம், மதியத்துக்குள் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு மூன்றிலும் இதுதான் அலுப்பில்லாதது. சதுர்த்தி நாட்களைத் தவிருங்கள்.

தாணாளேக் குகைகள் வேறு கதை. கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தக் குகைகள், மொத்தம் 23. காட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஏறிப் போக வேண்டும். ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொள்வது கட்டாயம், அவருக்குக் கொடுக்கும் தொகையையும் கணக்கில் சேருங்கள். டிக்கெட் ஜன்னலோ கடையோ கிடையாது. அம்மாவோடு போகிறவர்கள் இதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து போனால், காலையில் குகை, மாலையில் உளைந்த காலோடு வெந்நீர் என்று இதைவிடப் பொருத்தமான ஜோடி வேறு இல்லை.

## மகாட், சவ், கற்களுக்குக் காந்தார்பாலே

பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம்; 'சவ்' ஊர்தான், உயிரோடுதான் இருக்கிறது. சாவித்திரி ஆற்றங்கரை, மகாட் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் குண்டங்கள். கூட்டம் குறைவு, வசதியும் குறைவு. பெண்களுக்கு மறைவை நம்பிப் போகாதீர்கள். உடுத்தியபடியே கால் நனைத்து வருவதாக இருந்தால் சரி.

ஆனால் கல்லும் தண்ணீரும் கதையும் ஒரே இடத்தில் சேர்வது இங்கேதான். அதனால் எனக்கு இந்தப் பாதையின் மேல் ஓரவஞ்சனை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மும்பை–கோவா நெடுஞ்சாலையில் மகாடுக்குச் சற்று முன்பே மலைச்சரிவில் வரிசையாகத் தெரிபவை காந்தார்பாலே பௌத்தக் குகைகள். சாலையிலிருந்தே படிகள். ஏற்றம் உண்டு, முழங்கால் ஓரளவு ஒத்துழைத்தால் நின்று நின்று ஏறிவிடலாம். அங்கே ஒரு கல்வெட்டு, கானபோவ விஷ்ணுபாலிதன் என்ற இளவரசன் கொடுத்த கொடையைக் கணக்கு ஒப்பிப்பதுபோல் சொல்கிறது: ஒரு சைத்தியம் (பௌத்த வழிபாட்டுக் கூடம்), எட்டு அறைகள், குகையின் இருபக்கமும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், அங்கே போய்ச்சேர ஒரு பாதை. கோயிலும் அறையும் யாரும் கட்டுவார்கள். தொட்டியையும் பாதையையும் தனியாகக் குறிப்பிட்டு எழுதிவைத்த அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

அதைப் படித்துவிட்டு ஊருக்குள் சவ்தார் குளத்துக்குப் போங்கள். 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் இந்தக் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். மாடும் குதிரையும் குடிக்கலாம், மனிதரில் சிலர் தொடக்கூடாது என்றிருந்த குளம். அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று இதே ஊரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. வழக்கு நடந்து, 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் குளத்தின் மீதான உரிமையை உறுதிசெய்தது. தாராவியிலிருந்து ஆண்டுதோறும் மார்ச் மாதம் இங்கே வரும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் மார்ச் 20ஐ ஒட்டிப் போனால் ஊர் நிரம்பி வழியும் என்பதை நினைவில் வையுங்கள். சாதாரண நாளில் குளக்கரையில் பத்து நிமிடம் சும்மா உட்காரலாம்.

தூரம்தான் சிக்கல். செம்பூரிலிருந்து போகும்போதே 160 கிலோமீட்டருக்கு மேல். வாடகைக் காரின் குறைந்தபட்சக் கணக்கு முழுதாகப் பயன்படும் என்பது ஒரு சமாதானம். நெடுஞ்சாலை அகலப்படுத்தும் வேலை 2011 முதல் இழுத்துக்கொண்டிருப்பதால் கூகுள் காட்டும் நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கொங்கண் ரயிலில் வந்தால் வீர் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் இந்தப் பக்கமே வேண்டாம்: 2016 ஆகஸ்டில் சாவித்திரி வெள்ளத்தில் பழைய பாலம் பஸ்களோடு போயிற்று, 2021 ஜூலையில் மகாட் ஊரே மூழ்கியது.

## ஒரு பார்வையில்

| | வஜ்ரேஸ்வரி – நாலாசோபாரா | உன்ஹேரே – தாணாளே | சவ் – காந்தார்பாலே |
|---|---|---|---|
| போக ஆகும் தூரம் | சுமார் 75 கி.மீ. | சுமார் 110 கி.மீ. | 160 கி.மீ.க்கு மேல் |
| குண்டத்திலிருந்து கற்கள் | வண்டியில் ஒன்றரை மணி நேரம் வரை | வண்டியும், பிறகு மலையேற்றமும் | வண்டியில் சிறிது நேரம் |
| முழங்கால் | கோயிலுக்கு மட்டும் படி | குகைக்கு முடியாது | நின்று ஏறலாம் |
| பெண்களுக்கு மறைவு | விடுதிகளில் உண்டு | ஓரளவு | நம்ப வேண்டாம் |
| கார் இல்லாமல் | எளிது | முடியும், மாற்றி ஏற வேண்டும் | சிரமம் |
| மறைச்செலவு | ஓடாத கிலோமீட்டர், விடுதி | வழிகாட்டி | நேரம், அலுப்பு |

நான்காவதாக ஒன்றை இரண்டு நாள் லீவு உள்ளவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். டாபோலிப் பக்கத்து உன்ஹவரேயும் பன்ஹாளேகாஜிக் குகைகளும். அங்கே 29 குகைகள். பௌத்தம் போய் நாத சித்தர்கள் வந்த தடம் கல்லிலேயே தெரியும். கோரக்நாதரையும் மச்சேந்திரநாதரையும் அங்கே பார்க்கும்போது நம் கோரக்கரும் மச்சமுனியும் நினைவுக்கு வராமல் போகாது. ஒரே நாளில் போய்வர முயலாதீர்கள், திரும்பும்போது சாலையில் தூங்குவீர்கள்.

## குண்டத்தில் இறங்கும் முன்

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கர்ப்பம் என்றால் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சுடுவது தெரியாமலே கொப்பளித்துவிடும். அவர்களுக்குப் பதிலாக நீங்கள் கையை வைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் போதும், எழும்போது பிடித்து எழுப்புங்கள்.

இன்னொன்று, அம்மாக்களோடு வாக்குவாதம் வரப்போகும் விஷயம். மூன்று முறை முழுக்குப் போட்டால்தான் குளித்த கணக்கு என்பார்கள். வெதுவெதுப்பான தேங்கிய நன்னீரில் நெக்லேரியா என்ற அமீபா இருக்கக்கூடும். கேரளத்துச் செய்திகளில் 'மூளையைத் தின்னும் அமீபா' என்று படித்திருப்பீர்கள். அரிதுதான், ஆனால் அது போகும் வழி மூக்கு. வீட்டிலிருந்து ஒரு சொம்பு கொண்டுபோய்த் தோளில் ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தீர்த்தம் என்று வாயில் விடவும் கூடாது. குழந்தைகள் தலையை உள்ளே விட்டு விளையாடுவதை அப்படியே நிறுத்துங்கள்.

## அப்படியானால், அந்தச் செம்பூர் வீட்டுக்கு?

மூட்டு வலி அம்மா, ஆறாம் வகுப்புப் பையன், ஒரே ஞாயிறு: வஜ்ரேஸ்வரி. காலை நாலரைக்குக் கிளம்பி ஆறரைக்கு அக்லோலி. கோயிலை அதற்குப் பிறகு வைத்துக்கொண்டு, பத்து மணிக்குள் அந்தப் பக்கத்தை முடித்து, நாலாசோபாரா மேட்டில் அரை மணி நேரம், பிறகு வசாய் கோட்டை. கார் இல்லையென்றால் விரார் வரை லோக்கல், அங்கிருந்து எஸ்.டி. (மாநில அரசு) பஸ், அப்போது வசாயை விட்டுவிடுங்கள்.

அம்மா வரவில்லை, பையன் மட்டும்தான் என்றால் யோசிக்காமல் மகாட். குகை முதலில், குளம் அடுத்து, குண்டம் கடைசியில். ஏறி இறங்கிய காலுக்குத்தான் வெந்நீர் ருசிக்கும்.

மதியச் சாப்பாடு எந்தப் பாதையிலும் நம்பிக்கைக்குரியதல்ல. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். ஈரத்துணிக்கு ஒரு தனிப் பை. அந்தக் கந்தக வாடை தயிர்சாதத்துப் பையில் ஏறிவிட்டால் அடுத்த ஞாயிறு வரை போகாது.